குறி போடாத தொட்டி

என் செல்லத் தம்பி முரளிக்கு,

உன் வீடியோ கேம் பெட்டி ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் மெதுவாக வரும். இப்போதெல்லாம் எதையும் என்னால் வேகமாகச் சொல்ல முடிவதில்லை.

அலுப்பாக இருக்கிறதடா. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போகிறேன். அச்சில் களிமண் கரைசலை ஊற்றுகிறேன், கவிழ்க்கிறேன், பிரித்து எடுக்கிறேன். பீங்கான் ஜாடி, பீங்கான் பொம்மை, மறுபடியும் ஜாடி. ஐந்தரைக்கு வந்து அப்பாவுக்கு இட்லி ஊற்றிவிட்டுப் படுத்தால் கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. முன்பெல்லாம் இதோடு சேர்த்து வாரம் மூன்று நாள் உன்னை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். அப்போது வராத அலுப்பு இப்போது எங்கிருந்து வருகிறது?

நீ போன பிறகும் அப்பா தினமும் நாலு மணிக்கு அந்தப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மங்கலம்பேட்டையில் துபாயிலிருந்து திரும்பிய ஒருத்தரிடம் நீ பழசாக வாங்கி வந்ததே, அதைத்தான். அவருக்குத் தெரிந்தது ஒரே விளையாட்டு. நீ கற்றுக்கொடுத்த கிரிக்கெட். அதில் நீ ஒரு டீம் செய்து வைத்திருந்தாயே, அப்பாவை முதலில் இறங்க விட்டு, என்னைக் கீப்பராக நிற்க வைத்து, நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்ட அம்மாவை ஸ்பின் போட வைத்து. கேப்டன் நீ. நாலாவதாக இறங்குவாய். எல்லோருக்கும் தலைமுடி, உயரம், நடை எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாய். என்னை மட்டும் கொஞ்சம் குண்டாக வைத்திருந்தாய், அதை நான் மறக்கவில்லை.

அந்த டீம் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்து நின்றது. இருபது ஓவர் முழுசாக ஆடி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். நம் ஊர் வெயிலில் உன் பெட்டி இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. சிவப்பு விளக்கு எரியும், நின்றுவிடும், திரும்பப் போட்டால் ஆட்டம் முதலிலிருந்து. டேபிள் ஃபேனை அதன் மூஞ்சிக்கு நேராக வைத்துப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு வைத்த ஃபேனில் நீதான் காற்று வாங்கிக்கொண்டிருந்தாய்.

நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏம்ப்பா, அது நின்னு நின்னு போவுது. தெனமும் எதுக்கு இந்த ரோதன?"

"அவன் பாதியில வுட்ட மேட்ச்சும்மா" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

பெட்டியை ஜங்ஷன் ரோட்டில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலஞ்சு தடவ இந்த மாதிரி கொதிச்சு நின்னுச்சுன்னா போர்டு போயிடும்க்கா. உள்ள இருக்கிறதும் சேந்து போயிடும்" என்றார். உள்ளே இருப்பது நம் குடும்பம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்பாவிடம் இனிமேல் போடாதீர்கள் என்று சொன்னேன். அவர் சரி என்றார். மறுநாளிலிருந்து நாலு மணிக்கு டிவி எதிரில் சும்மா உட்கார்ந்தவர், நான் வேலை முடிந்து வரும் வரை அப்படியே இருந்தார். அதைப் பார்ப்பது இன்னும் மோசமாக இருந்தது.

அப்புறம்தான் உன் கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியை இழுத்தேன். பெட்டியைத் தண்ணீர் ஓட்டிக் குளிர வைக்க எல்லாமே வாங்கி வைத்திருந்தாய். சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டை, சின்ன மோட்டார், கண்ணாடி மாதிரி குழாய், வேப்பூரில் பழைய கார் சாமான் கடையில் நீ வாங்கிய பித்தளை ரேடியேட்டர். அதை மடியில் வைத்துக்கொண்டு நீ பஸ்ஸில் வந்தபோது நான் திட்டினேன். ஒரு நோட்டும் இருந்தது. தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை எடுத்துச் செம்புக் கட்டைக்குத் தள்ளும், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறும், ஆறியது தொட்டிக்குத் திரும்பும். எனக்கே புரிகிற மாதிரி வரைந்திருந்தாய். தொட்டி மட்டும்தான் இல்லை. அந்தப் படத்தின் ஓரத்தில் "அக்கா செய்வாள்" என்று எழுதியிருந்தது.

நீ என்னிடம் கேட்கவே இல்லையேடா. கேட்டிருந்தால் செய்திருப்பேனா? எங்கே, "மனுசனுக்கே முடியலையாம், மிசினுக்குத் தண்ணி காட்டப் போறாராம்" என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த வேலையை நீ ஆரம்பித்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. "எனக்குத்தான் தண்ணி கெடையாதுன்னுட்டாங்க. இதாவது வயிறு முட்டக் குடிக்கட்டும்க்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். டாக்டர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டிலில் பேனாவால் குறி போட்டு, இது காலைக்கு, இது மதியத்துக்கு, இது மாத்திரைக்கு என்று பிரித்தேன். ரசத்தைக்கூடக் கணக்கில் சேர்த்தேன். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பாட்டிலைக் காலி செய்துவிட்டாய். வெயில் கொளுத்தியது. "அரை டம்ளர் குடுக்கா. நாக்கு ஒட்டிக்குது" என்றாய். நான் செம்பைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். "காலையில டயாலிசிஸ் முடிஞ்சு குடிச்சிக்கலாம், பேசாம படு" என்றேன். நீ பேசாமல் படுத்தாய். காலையில் ஆட்டோவில், பாதி வழியில், என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாய்.

கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் ஆகியிருக்கும் என்று நர்ஸம்மா சொன்னார்கள். நான் செய்ததுதான் சரி என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். சரியாகச் செய்தவளுக்கு ஏனடா தண்ணீர் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது?

தொட்டியைச் செய்தேன். நோட்டில் நீளம் இருபத்தைந்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்தாய். எங்கள் மண் காய்ந்து சூளையில் வெந்து வருவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். பதினாறு வருடமாக இதே வேலை, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா அளவையும் கூட்டிப் போட்டு, இருபத்தெட்டரைக்குக் கொஞ்சம் குறைவாக அச்சு எடுத்தேன். வேலை முடிந்த பிறகு அரை மணி, முக்கால் மணி இருந்து செய்தேன். தண்ணீர் கசியாமல் இருக்க உள்ளேயும் வெளியேயும் மெருகு பூசினேன். சூளை பார்க்கும் ரத்தினம் அண்ணன் ஜாடிகளோடு ஒரு ஓரமாக வைத்துச் சுட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அளந்தேன். சரியாக இருபத்தைந்து. ஒரு கோடு கூடவில்லை, குறையவில்லை. நீ போன பிறகு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

வீட்டுக்கு வந்து டிவி ஸ்டாண்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நீ ஒதுக்கியிருந்த இடத்தில் வைத்தால், உள்ளே போகவில்லை. இடமே இருபத்து மூன்றுதான். குழாயைத் தொட்டியின் துளையில் விட்டால் தொளதொளவென்று ஆடியது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் கோபம் வந்தது. ஒரு இடத்தை ஒழுங்காக அளக்கத் தெரியாதா உனக்கு?

அப்பா வந்து பார்த்தார். "அளவு தப்பிடுச்சா?"

"ஒங்க புள்ள தப்பா எழுதி வச்சிருக்கான்."

"அவன் தப்பா எழுத மாட்டானே. டேப்ப வச்சிக்கினு ரெண்டு நாளு அளந்தானே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நோட்டை எடுத்து இருபத்தைந்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு கழித்தேன். இருபத்திரண்டு. அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். துளைக்கும் கழித்தேன். குழாய்க்குப் பொருத்தமாக வந்தது. நான் கூட்டியதை நீ முன்னாலேயே கூட்டி வைத்திருந்தாய்.

ஒரு நாள் சாப்பிடும்போது, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மண்ணு வெந்தா எவ்ளோக்கா சுருங்கும்?" என்று கேட்டாயே. "நூத்துக்குப் பன்னெண்டு" என்றேன். நீ ம் என்றுகூடச் சொல்லவில்லை. இவன் காதில் எது ஏறப்போகிறது என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். காதில் ஏறியிருக்கிறது. எனக்குக் கணக்குப் போடும் வேலைகூட வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். உன் காதில் எதுவும் ஏறாது என்று முடிவு கட்டியவள் நான்தான். அன்றைக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை, அன்று செய்ய வேலை இருந்தது.

ரத்தினம் அண்ணன், "விடும்மா, சின்னதா வேற ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அச்சு எடுக்கக் கிளம்பும் முன் சும்மா ஒரு தடவை இதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நீ நோட்டில் ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். இதில் இரண்டு லிட்டருக்குப் பக்கமாகப் பிடித்தது. அப்படியே வைத்துவிட்டேன். வேறு செய்யவில்லை. மோட்டார் கடையில் ரப்பர் வாஷர் வாங்கித் துளையை அடைத்தேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, தொட்டியை அதன்மேல் வைத்தேன்.

பெட்டியைத் திறந்து செம்புக் கட்டையைப் பொருத்தியது ரிப்பேர் கடைக்காரர். குழாய் மாட்டியது நான். அவர் மோட்டாரைப் போட்டதும் குழாயில் காற்றுக் குமிழ் நின்றது, எப்படிப் போக்குவது என்று யோசித்தார். நான் விரலால் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றினேன். "எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். டயாலிசிஸில் உன் பக்கத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து நர்ஸம்மா செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியாதா? அவரிடம் சும்மா பார்த்ததுதான் என்றேன்.

ஒரு நாள் முழுக்க மோட்டாரை மட்டும் ஓட விட்டு, அடியில் நியூஸ்பேப்பர் விரித்து வைத்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் போர்டு போய்விடும். அன்றும் மறுநாளும் லீவு போட்டேன். அப்பாவும் நானும் மாறி மாறிப் பேப்பரைத் தடவிப் பார்த்தோம். மறுநாள் காலை வரை காய்ந்தே இருந்தது.

நாலு மணிக்கு அப்பா பெட்டியைப் போட்டார். இருபது நிமிடம் ஆனதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. நாற்பது நிமிடம். நீ நாலாவதாக இறங்கி முப்பத்தொரு ரன் அடித்தாய். அம்மா ஒரு விக்கெட் எடுத்தாள். நான் ஒரு கேட்ச்சைக் கோட்டை விட்டேன். கடைசி ஓவரில் அவர்கள் அடித்துவிட்டார்கள்.

"தோத்துட்டோம்மா" என்றார் அப்பா. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "முழுசா ஆடித் தோத்தோம்." அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று கடைக்காரர் சொன்னார். "ஒரு குறி போட்டுக்குங்கக்கா, அதுக்குக் கீழ எறங்குனா ஊத்துங்க." பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம், குழாயில் உப்புப் படியாத பேட்டரி தண்ணீர் கேனைத் திறந்து, தொட்டி நிறைகிற வரைக்கும் ஊற்றுவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. பரணிலிருந்து செம்பையும் இறக்கிவிட்டேன், கை எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

அரை டம்ளர் கொடுக்காத
உன் அக்கா