வளையல் ஏறாத கை

கடப்பாக்கம்
12.8.1998

என் கண்ணு விஜயகுமாரிக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே புனாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் செல்லியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடுதாசி நேற்று வந்தது. ஏழாம் மாசம் முடியப் போகிறது, வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் ஊருக்கு வருகிறேன், பழைய வளையல் ஏறவில்லை, பெரிசாக வாங்கி வை, முகம்கூடப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது என்று சிரிப்பாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் உன் அக்கா வசந்தா போனபோது நீ வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, உனக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. அவள் வளைகாப்பிலும் கையில் வளையல் ஏறவில்லை. உன் அத்தை சந்திரம்மா, இன்னாடி கை பன்னு ரொட்டியாட்டம் கீது, ஆம்பளப் புள்ளதான்டி, பூரிச்சுகினு வருது, சோப்பு எட்தாங்கடி என்றாள். எல்லாரும் சிரித்தோம், நுரை தடவித் தள்ளித் தள்ளி ஏற்றினோம். தலை வலிக்குதும்மா, கண்ணு மங்கலா கீது என்றாள் வசந்தா, திருஷ்டி என்று சுற்றிப் போட்டார்கள். அந்த வாரமே வலிப்பு வந்து, செங்கல்பட்டுக்கு வேனில் கொண்டுபோகையில் மதுராந்தகம் தாண்டவில்லை. பிறகுதான் ஒரு டாக்டரம்மா சொன்னார்கள், அது பூரிப்பு இல்லையாம், கர்ப்பப்பைக்குள் பிள்ளைக்கு ரத்தம் கொடுக்கிற நஞ்சுக்கொடி சரியில்லாமல் போனால் தாய்க்குப் பிரஷர் ஏறுமாம், மூத்திரத்தில் உப்பு போகுமாம், கையும் முகமும் வீங்குமாம், முன்னாலேயே பார்த்தால் காப்பாற்றலாமாம், அக்காவுக்கு வந்தால் தங்கைக்கும் வரலாமாம்.

பூத்திலிருந்து உன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டோம், யாரோ இந்தியில் பேசி வைத்துவிட்டார்கள். தந்தி அடிக்கலாம் என்றார் அப்பா, தந்தியைப் பார்த்தாலே நீ பதறி விழுவாய் என்று நான்தான் தடுத்தேன், இதைக் கூரியரில் அனுப்புகிறோம். நீ ரயில் ஏறி வராதே. தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லன்னா ஊரு சிரிக்கும்டி என்கிறாள் சந்திரம்மா, சிரித்துவிட்டுப் போகட்டும். வளைகாப்பும் வேண்டாம். நானே அங்கே வருகிறேன், ரயிலில் ஏறிப் பழக்கமில்லை, பாஷையும் தெரியாது, வந்துவிடுவேன். உப்பைக் குறைத்தால் போதும், சோம்புத் தண்ணீர் குடித்தால் வீக்கம் வடியும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு உட்காராதே.

தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடி பிரிய அந்த அம்மன் துணை இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, பிரஷரும் மூத்திரமும் பார்க்கச் சொல். அங்கே போய்ச் சிரித்துப் பேசாதே கண்ணு, என் அக்கா இதிலேதான் செத்தாள் என்று முதலில் சொல்.

உன் அம்மா
தனகோடி