கூட்டிட்டு வரச் சொன்னாரு

செவ்வாய், கிள்ளான்

என் மகன் கவினுக்குப் பாலர் பள்ளியில் இடம் கேட்டு நாங்கள் ஒய்பி என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போயிருந்தேன். நாலைந்து தவணையாக ஜெயிக்கிறவர், அதற்கு முன் தலைமையாசிரியர். பார்த்த பிள்ளையின் முகத்தை மறக்கவே மாட்டார் என்பார்கள்.

கவினைப் பார்த்ததும் சிரித்தார். "என்னடா தம்பி, அம்மாவக் கூட்டிட்டு வான்னு நேத்து சொன்னேனே, வந்துட்டியா?"

"ஆள் மாறிடுச்சு ஒய்பி. இவன் இன்னைக்குத்தான் முதல்ல வரான் லா," என்றேன்.

கவின் கைகட்டி நின்றான். "கூட்டிட்டு வந்துட்டேன் சார்."

எங்கள் வீடு பதினோராவது மாடியில். நேற்று முழுக்க வாசல் கிரில் கதவு பூட்டியே இருந்தது. சாவி என்னிடம்.

படுக்க வைக்கும்போது கேட்டேன், எப்போடா போனே என்று.

"நீ தூங்கினப்ப மா. நாளைக்கும் வரச் சொன்னாரு."

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தது உண்மைதான். இப்போதும் கண் சொக்குகிறது. அவன் சட்டையை என் நைட்டியோடு ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். தூங்கிவிடக் கூடாது.