சும்மா வேலை செய்வதும் குற்றம்

டிசம்பர் 22, 2018

நாடாளுமன்றத்தில் பட்ஜெட் நிறைவேறாததால் அரசாங்கத்தின் பணம் நேற்றோடு தீர்ந்தது. தேசியப் பூங்கா அலுவலகத்தைப் பூட்டினோம். மேலதிகாரி விட்டேக்கர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இனிமே யாரும் வேலை செய்யக் கூடாது. சும்மா செஞ்சு தர்றேன்னு வந்தாலும் சட்டப்படி குத்தம். சீருடைய மாட்டிக்கிட்டு ஊருக்குள்ளகூடத் திரியாதீங்க."

கதவில் அறிவிப்பை ஒட்டியது நான்தான். எனக்கு இது மூன்றாவது முறை. பழகவில்லை.

டிசம்பர் 24

பூங்கா வாசலை மூடவில்லை. ஆட்களை மட்டும் அனுப்பிவிட்டார்கள். வண்டிகள் வரிசையாக உள்ளே போகின்றன.

டிசம்பர் 27

காபிக் கடை டெல்வின், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பூங்காவின் கழிவறைகளைக் கழுவப் போகிறான்.

"ஏம்மா அர்லீன், நீயும் வாயேன். ஒரு துடைப்பம் மிச்சமிருக்கு."

"எனக்கு அனுமதியில்ல."

"கக்கூஸ் கழுவவா?"

"ஊர்ல யாரு வேணாலும் கழுவலாம். நான் கழுவக் கூடாது."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கழிவறையைக் கழுவினேன்.

டிசம்பர் 31

ஒன்றுமில்லை. காற்று.

ஜனவரி 3

வேடிக்கை பார்க்க வந்தவளாக உள்ளே போனேன். அது குற்றமில்லை. செடிகளின் மேல் சக்கரத் தடங்கள். ஒரு குடும்பம் பாறை நிழலில் நெருப்பு மூட்டியிருந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ரேஞ்சர் தொப்பியில்லாமல் நான் யார்?

ஜனவரி 9



பள்ளத்தாக்கின் வடக்குப் பாதை தொடங்கும் இடத்தில், காலையில் பார்த்த கார் சாயங்காலமும் நின்றது. பனியில் உள்ளே போன காலடி மட்டும். திரும்பிய காலடி இல்லை. கிளிண்டைத் தேடிப் பிடித்தேன். மொத்தப் பூங்காவுக்கும் காவலுக்கு விட்டிருப்பது அவன் ஒருவனைத்தான். அவனுக்கும் சம்பளமில்லை.

"தெக்கு வாசல்ல விபத்து, அர்லீன். நகர முடியாது. மீட்பு ஆளுங்களக் கூப்பிடுறேன், வர நேரமாகும்."

"அதுக்குள்ள இருட்டிரும்."

தரையைப் பார்த்தான். "நீ போறத நான் பாக்கல."

எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பாதை பிரியும் இடத்தில் பனிக்காலத்தில் இடப்பக்கம் போனால் சறுக்கல்தான். ஒவ்வொரு வருடமும் அங்கே குறுக்கே கயிறு கட்டுவது என் வேலை. இந்த வருடம் கட்டவில்லை.

காரில் வந்தவள் அங்கேதான் கிடந்தாள். பெயர் நேடீன், தனியாக ஒஹையோவிலிருந்து வந்தவள். கால் ஒடிந்திருந்தது. என் கோட்டைப் போர்த்தினேன்.

"நீங்க ரேஞ்சரா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேசிக்கிட்டே இருங்க. தூங்கிராதீங்க."

தன் வீட்டு நாயைப் பற்றிப் பேசினாள். விளக்குகளோடு ஆட்கள் வந்ததும் நான் நழுவிவிட்டேன். ராத்திரி கிளிண்ட் போன் செய்தான்; அறிக்கையில் என்னை 'வழிப்போக்கர்' என்று எழுதினானாம்.

ஜனவரி 10

விட்டேக்கருக்குத் தெரிந்தால்? தெரியட்டும். இல்லை— வேண்டாம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான்.

அந்தக் கயிறு. ஏன்டி கட்டலன்னு என்னை எவனும் கேக்கப் போறதில்ல. சட்டத்த மதிச்சேன்ல! அவ செத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். அதான் வயித்தெரிச்சல்.

ஜனவரி 11

விடிந்ததும் போய்க் கட்டினேன். என் சொந்தக் கயிறு. இது வேலைதான். யாராவது கேட்டால் மறுக்க மாட்டேன்.

ஜனவரி 28

திறந்துவிட்டார்கள். நிலுவைச் சம்பளம் வருமாம். குப்பை அள்ளினோம். விட்டேக்கர் வடக்குப் பாதையைச் சுற்றிவிட்டு வந்தார்.

"அங்க யாரோ கயிறு கட்டியிருக்காங்க. அவுக்காதீங்க," என்றார். யார் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 14

நேடீன் கைத்தடியோடு வந்தாள். நான் தொப்பியோடு முன்மேசையில். பக்கத்தில் விட்டேக்கர் வரைபடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் சரியாகத் திரும்பாமலே விசாரித்தாள்.

"ஜனவரில என்னைய ஒரு அம்மா காப்பாத்துனாங்க. ரேஞ்சர் இல்லன்னாங்க. அவங்களத் தெரியுமா?"

"இந்தப் பக்கம் நெறையப் பேரு நடக்குறாங்க," என்றேன்.

குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தொப்பியை, பிறகு விட்டேக்கரை.

"எங்கயாவது பாத்தா, கால் சேந்துருச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

கை கொடுத்தாள். சீக்கிரம் விடவில்லை.

அவள் போகும்வரை விட்டேக்கர் நிமிரவில்லை. அடுக்கி முடித்த வரைபடங்களைக் கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.