முதல் வரியில் அவள் பெயர்

பெஹாலா,
12-9-2004

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நீயும் குழந்தையும் நலமா? நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

நேற்று போனை மாமா எடுத்ததால், லீவு கிடைக்கவில்லை என்பதற்கு மேல் பேச முடியவில்லை. வெள்ளிக்கிழமை புண்யாஹவாசனத்துக்கு நான் வரமாட்டேன். தகப்பன் இல்லாமல் பெயர் வைப்பதா என்று அவர் கேட்டது நியாயம்தான். சட்டென்று போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பார்.

தப்பு என்னுடையது. கம்பைலர் என்றாலே நீ கொட்டாவி விடுவாய், இருந்தாலும் கேள். எங்கள் கம்பைலர் ஓடுவது வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில். அது தயாரிக்கும் புரோகிராமோ மின்சார மீட்டருக்குள் இருக்கும் சின்ன போர்டுக்கு. கம்பைலரை விண்டோஸுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவோம், லினக்ஸுக்கு ஒன்று. எதில் ஓடும், எந்த போர்டுக்கு உதவும் என்று இரண்டையும் பெயரிலேயே எழுத வேண்டும். நீ ஆஸ்பத்திரியில் இருந்த அன்று என் புத்தி இங்கே இல்லை. விண்டோஸ் பொட்டலத்துக்கு, அதைக் கட்டிய ஆபீஸ் லினக்ஸ் மெஷினின் பெயரைப் போட்டுவிட்டேன். லினக்ஸ் பொட்டலத்துக்கும் அதே பெயரானதால் பின்னது முன்னதை அழித்துவிட்டது. லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் ஓடாத பொட்டலம் போனது. எல்லா போர்டுகளுக்கும் திரும்பக் கட்டி, சோதித்து அனுப்பும்வரை நகரக்கூடாது என்று மேனேஜர் மித்ரா-தா சொல்லிவிட்டார். அது முடிய வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிடும்.

கீழ்வீட்டு பௌதி, அம்மாவும் மகளும் எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்கிறாள். குழந்தை பிறந்ததற்கு நான் இனிப்பு தரவேண்டும். அவள்தான் சந்தேஷ் கொடுத்தாள். தனியாக உட்கார்ந்து அத்தனையும் தின்றேன். கொடியில் உன் பச்சைப் புடவை அப்படியே கிடக்கிறது. மடித்து வைக்க மனம் வரவில்லை.

இன்று ஞாயிறு, ஆபீஸில் நான் மட்டும். புதுப் பொட்டலத்தைச் சோதிக்க, திரையில் ஒரே ஒரு வரி எழுதும் புரோகிராமைப் போர்டில் ஓட்டுவது எங்கள் வழக்கம். எப்போதும் 'ஹலோ' என்று வரும். இன்று அதை மாற்றி, நாம் பேசி வைத்திருந்த 'நீலாவதி'யை எழுதினேன். சின்னத் திரையில் அவள் பெயர் வந்தது. மூன்று தரம் வாய்விட்டுக் கூப்பிட்டேன். பிறகு அழித்து, 'ஹலோ' என்றே மாற்றி, அந்த ஒரு போர்டுக்கான பொட்டலத்தை அனுப்பினேன்.

மாமா தன் அம்மாவின் பெயரையே வைக்கட்டும். விஜயலட்சுமி நல்ல பெயர்தான். வருத்தமில்லை என்றால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. அவர் குழந்தையின் காதில் சொல்லி முடித்ததும், நீ குனிந்து ஒருமுறை நீலாவதி என்று சொல். என் குரல் மாதிரி கொஞ்சம் கரகரப்பாகச் சொல். நான் வந்து கூப்பிடும்போது அவள் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இருவருக்கும் என் ஆசிகள்.

உன்,
வீரராகவன்