அப்பா கேட்ட இன்னொரு கிண்ணம்

மூக்கண்டப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பிரதாப்புக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், பினாங்கில் நீ நலமா? இத்தனை நாள் போனில் நலம் நலம் என்று நான் சொன்னதெல்லாம் பாதிப் பொய், இன்று எழுதுவது முழு நிஜம். போனிலேயே சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்படி இல்லை இப்படி என்று ஜாடையில் திருத்துகிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குச் சாப்பாடு இறக்க மூக்கில் டியூப் போட வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். போனில் சொன்னபடி ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் முதல் வேலையாகப் போய்த் திரும்ப வாங்கு.

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்து முடித்த நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று உனக்குத் தெரியும். எவ்வளவு மோசம் என்று நான் சொல்லவில்லை. சுடச்சுடக் கஞ்சி வைத்தேன், மிளகு ரசம் வைத்துச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பிறகு கிண்ணத்தைக் கண்டாலே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனுஷன் போதும் என்று முடிவு கட்டிவிட்டார் என்றே நினைத்தேன் தம்பி, அடுப்படியில் நின்று அழுதேன். எடை இன்னும் இறங்கினால் டியூப்தான் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு பெங்களூரிலிருந்து திரும்பி ஆட்டோவில் வரும்போதுதான் அது நடந்தது.

நம் தெருமுனையில் எல்லப்பன் என்று ஒருவர் புதிதாகத் தள்ளுவண்டி போட்டிருக்கிறார். உன் பினாங்கில் பல வருஷம் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவராம், வண்டியில் ‘பினாங்கு செண்டோல், ஐஸ் கச்சாங்’ என்று எழுதி வைத்திருக்கிறார். நீ தின்கிற மாதிரி போட்டோ அனுப்புவாயே, சுண்டலை ஐஸில் கொட்டிச் சிவப்புச் சாயம் ஊற்றியது போல, அதேதான். அப்பா அதைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் தோளைத் தட்டி நிறுத்திவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், “தொண்டை வெந்து கெடக்கு, ஐஸு கேக்குதோ உங்களுக்கு” என்று ரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர் காதிலேயே வாங்காமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லப்பனிடம் நோயைச் சொன்னேன், விரட்டிவிடுவார் என்று பார்த்தால், “நம்ம ஊட்ல தண்ணியக் காய்ச்சி ஆறவெச்சி கட்டுன ஐஸுதான்க்கா, பயப்படாத” என்று சொல்லிவிட்டு மிஷினைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். பஞ்சு போல ஐஸ் விழுந்தது. பயறு, சோளம் எதுவும் போடாமல், இடியாப்பத்தைத் துண்டு துண்டாக நறுக்கியது மாதிரி இருக்கும் அந்தப் பச்சைச் சேமியாவை மட்டும் கொஞ்சம் போட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிக் கொடுத்தார். அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புரை ஏறப் போகிறது என்று நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு நிற்கிறேன். விழுங்கினார். அடுத்த கரண்டி, அதற்கடுத்தது, கிண்ணத்தைச் சாய்த்து அடியில் இருந்ததையும் குடித்துவிட்டு, கம்மிப் போன அந்தக் குரலில், “இன்னொண்ணு போடச் சொல்லு” என்றார். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. அழுகையை மறைக்க நானும் ஒன்று வாங்கித் தின்றேன், எனக்குச் சுண்டல் சோளம் எல்லாம் போட்டுத்தான். வெளியில் சொல்லாதே, நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து பயந்து பயந்து ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டால் அந்தப் பெண் சிரிக்கிறாள். “வாயெல்லாம் புண்ணா இருக்கும், சூடும் காரமும் வேணாம், சில்லுனு குடுங்கன்னு மொத நாளே சொன்னோமேம்மா” என்கிறாள். சொன்னார்கள்தான். நானும் தலையை ஆட்டினேன். காய்ச்சல்காரனுக்கு இளநீரே கொடுக்காத வீட்டில் பிறந்தவள் நான், இவர்களுக்குப் பத்தியம் என்ன தெரியும் என்று என் இஷ்டத்துக்கு மிளகைத் தட்டிப் போட்டிருக்கிறேன். பாவம், சாக நினைக்கவில்லை அவர், என் ரசத்துக்குப் பயந்துதான் திரும்பிப் படுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் எல்லப்பன் வண்டிதான். வீட்டிலும் தயிரில் கரைத்த கூழ், ஆறின பால் சாதம் என்று மெல்ல மெல்ல இறங்கியது, எடை ஏறியது. இப்போது புண் ஆறிவிட்டதால் மிளகு போடாத ரசம் ஊற்றிச் சாதம் தரலாம் என்றார்கள். நேற்று மதியம் ஆறவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பே இல்ல, என்னத்த வச்ச” என்று தட்டைத் தள்ளினார். கரண்ட் வைத்ததிலிருந்து உப்பும் தெரியாமல் இனிப்பும் தெரியாமல் மண்ணைத் தின்பது போலத் தின்ற மனுஷன், நான் உப்புப் போட மறந்ததை நாக்கால் கண்டுபிடித்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பேன். நேற்று உள்ளே போய் உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிறு குளிர அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு சாமி. தலைக்கு எண்ணெய் வை. ராஜினாமாவைத் திரும்ப வாங்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா இருளாயி