பவானிக்குச் சாமி வந்த அன்று

பழனிசெட்டிபட்டி,
வைகாசி 10.

அன்புள்ள மாமாவுக்கு,

தேவயானி எழுதுவது. இங்கே நானும் நம் பிள்ளை பவானியும் சுகம். உங்கள் முகாமில் பனி குறைந்ததா, கால் வெடிப்பு ஆறியதா என்று எழுதவும்.

போனில் பேச வேண்டியதை ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் "அண்ணன் சொல்றபடி செய்யி" என்றதும் லைன் அறுந்துவிட்டது. அந்த மலைக்கு மறுபடி டவர் கிடைக்கும்வரை காத்திருந்தால் என் பதில் ஊசிப்போகும். காகிதம் என்றால் நடுவில் புகுந்து பேச உங்களால் முடியாது. முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. பவானி தேனியில் பயிற்சிக்குத் தவறாமல் போகிறாள். வருகிற ஆடியில் ஒன்பது முடிகிறது. பேச்சு இன்னும் வரவில்லை. டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்தான் வேண்டும். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் கேட்டுப் பார்ப்பேன், எழுந்தால் ஏறுவோம், இல்லாவிட்டால் அடுத்த பஸ். சிலர் எழுந்து இடம் கொடுப்பார்கள். சிலர் பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுப்பார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு தேனியில் இறங்கிவிடுவோம்.

தெருமுனை மளிகைக் கடைக்கும் சாயங்காலம் கூட்டிப் போகிறேன். பச்சைப்பயறு மூட்டையில் முழங்கைவரை கையை விட்டு நிற்பது அவளுக்குப் பிடிக்கும். கடைக்காரர் கிறிஸ்டோபர் முதலில் சத்தம் போட்டார். இப்போது கடை வாசல் குழாயைக் காட்டுகிறார். கையைக் கழுவிவிட்டுப் பயறுக்குள் விடுகிறாள். அவர் பாட்டுக்கு வியாபாரம் பார்க்கிறார். இந்த ஏற்பாட்டுக்கு வர எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைப் பொங்கலுக்கு அனுமந்தன்பட்டிக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் அண்ணன் ராக்கையா மச்சான் நேரில் வந்து அழைத்ததால் மறுக்க முடியவில்லை. கொட்டு தொடங்குமுன் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்புவதாகத்தான் கணக்கு. முளைப்பாரி இந்த வருஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. கோயில் சந்துக்குள் நாங்கள் நுழைந்ததும் எதிரே முளைப்பாரி, முன்னால் உறுமிமேளம். பின்னால் போகவும் வழியில்லை.

பவானி காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். பிறகு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். கையை உதறினாள். தலையைப் பின்ன விடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும், முடி முகத்தில் விழுந்து கிடந்தது. போதாக்குறைக்கு அன்று மஞ்சள் பாவாடை. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ குலவை போட்டார்கள். சாமி வந்துவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் அவளைச் சுற்றி நெருங்கி நின்று இன்னும் வேகமாகக் கொட்டினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அவள் அதைப் போட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைக் கடித்தாள்.

உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த சங்கிலியம்மாள் என்ற அம்மாள் அவள் காலடியில் விழுந்து, "ஆத்தா, எம் மக வயித்துல இந்த வருசமாச்சும் ஒண்ணு தங்குமா?" என்று கேட்டார்கள். பவானி வலியில் "ம்ம்" என்று முனகினாள். அந்த அம்மாள் வாக்குக் கிடைத்துவிட்டது என்று அழுதார்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பிள்ளையோடு வெளியே போகத் தொடங்கிய நாளிலிருந்து அன்றுதான் எங்களை யாரும் திட்டவில்லை. ஒரு நொடி அது எனக்குச் சுகமாகவும் இருந்தது. பிறகு மணிக்கட்டில் ரத்தத்தைப் பார்த்தேன். மேளக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "கொட்ட நிறுத்துங்கய்யா. சாமியில்ல, எம் புள்ள. அவளுக்குக் காது தாங்காது."

நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கும்பிட்ட கைகள் இறங்கிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளையைக் கூட்டத்துக்குள் ஏன் கொண்டு வருகிறாய் என்று குலவை போட்ட வாயே கேட்டது.

சாயங்காலம் உங்கள் அண்ணன் வீட்டில் வேறு பேச்சு. ஆவணியில் அவர் மகன் தமிழ்மாறனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். பண்ணைப்புரத்துப் பெண். மச்சான் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "பெரிய எடத்துக்காரக தாயி. சீக்குப் புள்ளன்டா யோசிப்பாக. சாமிப் புள்ளன்டா கும்புட்டுட்டுப் போவாக. சாமின்டே இருக்கட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?" என்றார். உங்கள் அண்ணி பஞ்சம்மாள் அக்கா, இனி பவானியைப் பஸ்ஸிலும் கடையிலும் கூட்டிக்கொண்டு அலையக் கூடாது, சாமி இருக்கிற உடம்பு, தீட்டுப்பட்டுவிடும் என்றார்கள். மாடி அறையைத் துடைத்துத் தருவார்களாம். வெள்ளிக்கிழமை மட்டும் கீழே உட்காரவைத்தால் போதுமாம்.

மறுநாள் சங்கிலியம்மாள் தேங்காய், பழம், சேலையோடு தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். மேளக்காரரிடம் நான் கத்தியதை அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை, சாமியின் வாக்கு மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. மச்சான் தட்டை வாங்கிவிட்டார். அப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டார், நீங்களும் என்னிடம் அப்படிச் சொன்னீர்கள்.

அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். அவரளவில் அவளுக்கு ஒரு மரியாதையான இடம் தேடித் தருகிறார். ஆனால் அந்த இடத்துக்குக் கதவு இருக்கிறது மாமா, அதைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொரு வெள்ளியும் அவள் ஆட வேண்டும். தானாக ஆடாவிட்டால் கொட்டடித்து ஆடவைப்பார்கள்.

தட்டை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை பவானியையும் கூட்டிக்கொண்டு உத்தமபாளையம் போனேன். சங்கிலியம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். இது ஆட்டிசம், பிறவியிலேயே உள்ளது, அன்றைக்கு அவள் சொன்னது வாக்கு இல்லை, வலி என்றேன். உள்ளே அவர்களுடைய மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள், "பொய்யின்டாலும் நாலு நா நிம்மதியா ஒறங்குனேன் தாயி, நீ அதையும் வந்து வாங்கிட்டுப் போற" என்றார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கிளம்பும்போது பவானிக்கு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மச்சான் இப்போது என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு நான் மட்டும் வரலாம் என்று அக்கா சொல்லியனுப்பினார்கள். நாங்கள் இருவரும் வருவோம். பந்தலில் மேளம் தொடங்கினால் வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம், முடிந்ததும் உள்ளே வருவோம். பண்ணைப்புரத்தார் கேட்டால் இருப்பதைச் சொல்வேன். அதற்காகக் கல்யாணம் நிற்கும் என்றால் அது என் மகளால் நிற்பதல்ல.

உங்களுக்கு ஆவணியில் லீவு கிடைக்கும் என்றீர்கள். போன லீவில் சந்தைக்குப் போனபோது எங்களுக்கு நாலு கடை முன்னாலேயே நடந்தீர்கள். பவானி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றபோது, தெரிந்தவர் யாரோ உங்களிடம் பேச்சுக் கொடுத்து, அது யார் பிள்ளை என்று கேட்டார். நீங்கள் வேறு எதையோ பேசினீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன், இத்தனை நாள் சொல்லவில்லை. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. வெட்கம் எனக்கும் தெரியாததல்ல. தினமும் வெளியே போய்ப் போய் எனக்குத் தேய்ந்துவிட்டது, நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறீர்கள்.

அண்ணனிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். லீவையும் நீட்ட வேண்டாம். கல்யாணப் பந்தலில் யாராவது அவளைக் காட்டி யார் என்று கேட்டால், நான் முந்திக்கொள்ள மாட்டேன். நீங்கள் "எம் மக" என்று சொல்லுங்கள், அவள் பக்கத்தில் நிற்கும்போது சொல்லுங்கள். அவளுக்குப் பேச்சுத்தான் வராது மாமா, காது நன்றாகக் கேட்கும்.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
பவானியின் அம்மா
தேவயானி