கெல்சோ வால்நட்சத்திரம்

மார்ச் 4
பர்ரிட்டோவைத் தின்றுகொண்டே நேற்று எடுத்த படங்களைப் புரட்டினேன். மூலையில் பஞ்சு மாதிரி மங்கலாக ஒன்று. எந்தப் பட்டியலிலும் இல்லை. வால்நட்சத்திரமேதான்! முதலில் கண்டவர் பெயரைத்தான் வைப்பார்கள். அதாவது என் பெயரை. கெல்சோ வால்நட்சத்திரம். யாராவது முந்துவதற்குள் வானியல் மையத்துக்கு அறிவிப்பை அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கும் போன் போட்டேன்.

மறுபடி படமெடுக்க இன்றைக்குத் தொலைநோக்கி வேண்டும். முறை கூட ஆராய்ச்சி செய்யும் டெல்ஃபினாவுடையது. வெடித்த நட்சத்திரம் ஒன்று மங்குவதை அவள் தினமும் அளந்துவருகிறாள்.

"என் நட்சத்திரம் செத்துக்கிட்டிருக்குடி. இன்னிக்கு வெளிச்சம் இன்னிக்குத்தான்" என்றாள். பிறகு, "தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்துப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

மார்ச் 5
பேய். தொலைநோக்கியை இம்மி நகர்த்தியதும் நட்சத்திரங்கள் ஒரு பக்கம் போக, என் வால்நட்சத்திரம் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. பக்கத்துப் பெரிய நட்சத்திரத்தின் ஒளி லென்சுக்குள் பட்டுத் தெறித்த பிம்பம். அதைத்தான் நாங்கள் பேய் என்போம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன் — வானத்தில் இருப்பது நட்சத்திரங்களோடு நிற்கும், கண்ணாடியில் இருப்பது நிற்காது என்று. நானே! சீ.

மார்ச் 6
அறிவிப்பை வாபஸ் வாங்கினேன். சர்ச்சில் அம்மா கேக் வெட்டிவிட்டாளாம். கேக்குக்கு வால் வேறு.

மார்ச் 8
நான் பிடுங்கிக்கொண்ட அந்த ஒரு ராத்திரியில்தான் டெல்ஃபினாவின் நட்சத்திரம் சடாரென்று மங்கியிருக்கிறது. அது எப்படி மங்கும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நகர்த்திப் பாத்தேன்னியே, மார்னி?" — அவ்வளவுதான் கேட்டாள். மானம் போச்சு.

ஜூன் 19
டெல்ஃபினா கட்டுரையை எழுதி முடித்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். வரைபடத்தில் புள்ளிகள் வரிசையாக இறங்கிவந்து, மார்ச் 4 அன்று மட்டும் ஓர் ஓட்டை. கீழே ‘மேகமூட்டம்’ என்று போட்டிருக்கிறாள். அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறாள். நேரே அவள் அறைக்குப் போனேன்.

"மேகம்னு போடாத. என் பேரைப் போடு."

"யாரு கேக்கப் போறாங்க, விடு."

"நான் கேக்கறேன்."

அக்டோபர் 2
கட்டுரை வெளிவந்துவிட்டது. ஓட்டைக்குக் கீழே: ‘அன்று அளக்கவில்லை. தொலைநோக்கி மார்னி கெல்சோவிடம் இருந்தது.’

அம்மாவுக்கு அனுப்பினேன். உன் பேர் அச்சில் வந்திருக்கிறதே, சர்ச்சில் காட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

காட்டும்மா என்று பதில் போட்டேன்.